‘தெரியாது’ என்று சொல்லப் பழகு

பாபு, உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. பத்திரிகை வந்துவிட்டது. மயிலாப்பூர் மண்டபத்துக்காரர் நாலு தடவை போன் செய்து நாலு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார். உன் அப்பா ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு, தாம்பூலப் பை வாங்கப் பாண்டி பஜார் போகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கும் இந்த மத்தியானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் அது டியூஷன் ஆகிவிடுகிறது. நீயும் ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லிக்கொண்டே பெங்களூரில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைக்காதே. கடிதம் என்றால் நீ நடுவில் சரிம்மா போட முடியாது.

மாப்பிள்ளை ஆகப்போகிறவனுக்கு அம்மா சொல்ல ஆயிரம் இருக்கும். நான் சொல்லப் போவது ஒன்றே ஒன்று. உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல். வரப்போகிற பெண்ணிடம் சொல், ஆபீசில் சொல், நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து கேள்வி கேட்டால் அதனிடமும் சொல். இதைச் சொல்ல உனக்கு என்னம்மா யோக்கியதை என்று நீ கேட்கலாம். ஒரு யோக்கியதையும் இல்லை. தி.நகர் சந்து ஒன்றின் மாடியில் இருபத்தாறு வருஷம் பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இங்கிலீஷ் டியூஷன் எடுத்தவள் நான். என் வகுப்பின் முதல் சட்டம் உனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். எந்தக் கேள்வியையும் காலியாக விடாதே, தெரியாவிட்டாலும் பக்கத்தை நிரப்பு, திருத்துகிறவர் மனம் இளகி அரை மார்க்காவது போடுவார். எட்டாவதில் ‘என் தந்தை’ என்ற கட்டுரைக்கு என் நோட்ஸில் இருந்ததை அட்சரம் பிசகாமல் எழுதி, உன் அப்பாவை அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் ஆக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா அந்தத் தாளை ஒரு வருஷம் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பத்துக்கு ஒன்பதுதானே வந்திருக்கிறது, அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று கேட்டேன்.

டியூஷனை நிறுத்திய பிறகு சனிக்கிழமைகளில் அடையாறுக்குப் போய் வகுப்பு எடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அங்கே என்ன நடந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. இலங்கையிலிருந்து தப்பி வந்து, முகாமுக்கு வெளியே, போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு வாடகை வீட்டில் இருக்கும் அகதிக் குடும்பங்களில் எப்போதாவது ஒன்றிரண்டுக்கு வேறு நாட்டில் குடியேற வழி பிறக்கும். அங்கே யாராவது பொறுப்பேற்றுக் கூப்பிட வேண்டும், அந்த நாட்டு அதிகாரி நேரில் பேசிப் பார்க்க வேண்டும், மெடிக்கல் ஆக வேண்டும், இங்கிருந்து கிளம்ப அனுமதி வாங்க வேண்டும். அப்படிக் காத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் இங்கிலீஷும், போகிற ஊரில் எப்படி வாழ்வது என்பதும் சொல்லிக்கொடுப்பதுதான் அந்த வகுப்பு. பஸ்ஸில் எப்படி ஏறுவது, ஆபத்து என்றால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால் என்ன பதில் போடுவது, வாடகை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது. வகுப்பை நடத்தும் பெண் முதல் நாளே தெளிவாகச் சொன்னாள். “மேடம், அங்க போய் வாழறதுக்கு என்ன வேணுமோ சொல்லிக் குடுங்க. ஆனா இன்டர்வியூவுக்கு மட்டும் பதில் சொல்லிக் குடுக்காதீங்க. அது அவங்க கதை, அவங்களே சொல்லணும்.” நான் பலமாகத் தலையாட்டினேன். எனக்கா சொல்லித் தருகிறாள் என்று மனசுக்குள் ஒரு திமிர்.

அந்த வகுப்புக்கு வந்தவள் சிவமலர். கிளிநொச்சிப் பக்கத்துப் பெண், நாற்பதுக்குக் கொஞ்சம் குறைந்த வயது. கணவர் யோகராசா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மகள் தர்ஷிகா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பதினாறு வயது. அம்மா ‘ஓம்’ என்றால் மகள் ‘ஆமா’ என்பாள். ஒரே வீட்டில் இரண்டு தமிழ். கனடாவில் சிவமலரின் அக்கா இருக்கிற ஊர்க்காரர்கள் சேர்ந்து இவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த வாய்ப்பு போனால் இன்னொன்று வராது என்று அவர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் இரண்டு பேரும் தங்களுக்காகக் கவலைப்படவில்லை. இங்கே பிறந்தும் தர்ஷிகாவுக்குச் சொந்தமென்று ஒரு நாடு இல்லை. பதினொன்றாவது வகுப்பு விண்ணப்பத்தில் நாடு என்ற இடத்தில் அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடத்தை நிரப்பத்தான் இத்தனை பாடும்.

இன்டர்வியூவுக்கு இரண்டு வாரம் முன்னால், பதில் சொல்லிப் பழகுங்கள் பார்க்கலாம் என்று உட்கார வைத்தேன். நாட்டைவிட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் சிவமலர் திக்கினாள், அழுதாள், முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். எந்தத் தேதியில் கிளம்பினீர்கள் என்றால், “திகதி தெரியாது டீச்சர்” என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம், சும்மா விடுமா? அன்றைக்கே வீட்டுக்கு வந்து மாடல் விடை எழுதினேன். ‘ஓயிங் டு த ப்ரிவெய்லிங் சர்க்கம்ஸ்டன்ஸஸ்’ என்று ஆரம்பிக்கும், நிலவிய சூழ்நிலை காரணமாக நாங்கள் தாயகம் துறக்க நேர்ந்தது என்று அர்த்தம். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. தேதி காலியாக இருந்ததே, அதில் போர் நடந்த காலத்து ஏதோ ஒரு தேதியை நானே போட்டேன். அப்பா கடையில் இரண்டு பிரதி எடுத்து, புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று என்று கொடுத்து, மனப்பாடம் பண்ணுங்கள், ‘தெரியாது’ என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு பேரும் நல்ல மாணவர்கள், பாபு. அதுதான் வினையாகிவிட்டது. தனித்தனி அறையில் வைத்துக் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைக் கமா உட்பட ஒப்பித்திருக்கிறார்கள். மொழிபெயர்க்க ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இங்கிலீஷிலேயே ஒப்பித்திருக்கிறார்கள். நான் போட்ட தேதி, இந்தியாவில் வந்து இறங்கியபோது அவள் பதிந்த காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை. அந்தக் காகிதத்தில் அவள் நேர்மையாக, தேதி நினைவில்லை என்று சொல்லியிருந்தாள். யாராவது இதைச் சொல்லிக் கொடுத்தார்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை, யாரும் இல்லை என்றாள். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நீங்கள் உண்மை சொல்கிறீர்களா என்று எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது, முப்பது நாளில் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அவளைத் திட்டினேன். அடையாறு மாடி அறையில் எல்லார் முன்னாலும், “தேதியை ஏன் மாத்தி மாத்திச் சொன்னீங்க?” என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

“நான் மாத்தேல்லை டீச்சர். முதலும் தெரியாது எண்டுதான் சொன்னனான். நீங்கள்தான் தெரியாது எண்டு சொல்லக் கூடாது எண்டு ஒரு திகதி எழுதித் தந்தனீங்கள்.”

“அப்ப யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டப்ப என் பேரைச் சொல்லியிருக்கலாமே?”

“எனக்கு மனம் வரேல்லை. நீங்கள் எங்களுக்கு நல்லது எண்டு நினைச்சுத்தானே செய்தனீங்கள்.”

அந்த அறையில் அப்போது எனக்கு உன் குரல்தான் கேட்டது. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் காலேஜுக்குப் போகிறேன் என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் பாலவாக்கம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாய். வகுப்பில் ஒன்றும் புரியவில்லை, ஐந்து பாடத்தில் அரியர். அப்பாவின் நண்பர் பார்த்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன்டா சொல்லவில்லை என்று கத்தினேன். “உனக்குத்தான் தெரியாதுன்னு சொன்னா புடிக்காதேம்மா” என்றாய். நான் அறைந்தேன். திமிராகப் பேசுகிறாய் என்று நினைத்து அறைந்தேன், பாபு. நீ திமிராகப் பேசவில்லை, உண்மையைச் சொன்னாய். இத்தனை வருஷம் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீயும் எழுந்து படித்து முடித்துவிட்டாய், நானும் என் கண்டிப்பால்தான் பையன் தேறினான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அப்படி அறைந்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். கல்யாண வேலைக்கு நடுவில் கேட்கிறாளே என்று நினைக்காதே, இப்போது கேட்காவிட்டால் எனக்கு எப்போது தைரியம் வரும் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஸ்டேப்ளர் பின் போட்டுக்கொண்டே கேட்டார். “தப்பு பண்ணது நீ. அந்தப் பொண்ணு ஏன் அழுதுகினு கீது? நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடு.” அவ்வளவு சுலபமா என்று எனக்குக் கோபம். எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் என் அனுபவம், என் மாணவர்கள் வாங்கிய மார்க், எல்லாம் வந்துவிட்டது. அப்பா படித்துவிட்டு, “இதுல உன்னைத் தவிர எல்லாரும் தப்பு பண்ணிக்கிறாங்க” என்றார். இரண்டாவதைப் படித்துவிட்டு, “இது வேலைக்கு அப்ளிகேஷன் மாதிரி கீது” என்றார். நாலாவது தாள் ஆறு வரிதான். நான் ஓர் ஆசிரியை, சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று எச்சரித்த பிறகும் இந்தப் பதிலை எழுதிக் கொடுத்தது நான், அந்தத் தேதி என் கற்பனை, அவர் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற, தவறு முழுக்க என்னுடையது. அப்பா படித்துவிட்டு மூன்று பிரதி எடுத்தார். வாழ்க்கையில் என் எழுத்தை அவர் திருத்தாமல் விட்டது அன்றைக்குத்தான்.

வகுப்பை நடத்தும் பெண்ணிடம் அந்தத் தாளைக் கொடுத்தபோது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் படித்துவிட்டு, “இனிமே இந்த வகுப்புல பதில் கிடையாது மேடம், கேள்வி கேக்க மட்டும் சொல்லிக் குடுங்க” என்றாள். சிவமலர் சொன்ன விளக்கத்தோடு என் தாளும் போனது. மறுபடி ஒரு இன்டர்வியூ உண்டு என்று பதில் வந்தது. கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஆனால் கடைசித் தடவை இதுதான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சிவமலருக்கு ‘தெரியாது’ என்று சொல்வது என்னால் மட்டும் கெட்டுப்போன பழக்கம் இல்லை. பல வருஷமாக அவள் எல்லாரிடமும் தலையாட்டியே வாழ்ந்தவள். மாதா மாதம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும்போது என்ன சொன்னாலும் தலையாட்டு, வீட்டு ஓனர் என்ன சொன்னாலும் தலையாட்டு, மருந்துக் கடையில் சொன்னது புரியாவிட்டாலும் தலையாட்டு. கேள்வி கேட்டால் ‘நீ யாரு, எந்த ஊரு’ என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம். இந்தத் தலையை எடுத்துக்கொண்டு புது நாட்டுக்குப் போனால் அங்கே வேலை, வாடகை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஆட்டிவிட்டு மாட்டிக்கொள்வாள். அதனால் பாடத்திட்டத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த இன்டர்வியூவுக்கு முன்னால் இருந்த நான்கு சனிக்கிழமையும் ஒரே பாடம். புரியவில்லை, திருப்பிச் சொல்லுங்கள்.

பயிற்சிக்குத் தி.நகரில் ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனேன். வாஷிங் மிஷின் மாடி. விற்பனைப் பையன் பிடித்துக்கொண்டான். பதினாலு புரோகிராம், இன்வெர்ட்டர், ஸ்டீம் என்று மூச்சு விடாமல் அடுக்கினான். சிவமலர் எல்லாவற்றுக்கும் அழகாகத் தலையாட்டினாள். பக்கத்தில் தர்ஷிகா பல்லைக் கடித்தாள்.

“மா, உனுக்கு இன்னா புரிஞ்சிது? சும்மா தலைய ஆட்டிகினு கீற.”

சிவமலர் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே மிக்ஸி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“தம்பி, எனக்கு விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ.”

சொன்னான். மறுபடியும் விளங்கவில்லை என்றாள். மூன்றாம் தடவை, “இன்னாக்கா, எத்தினி வாட்டி சொல்றது” என்று சலித்துக்கொண்டே சொன்னான். அவளுக்கு இப்போது ருசி கண்டுவிட்டது. மூடியைத் திறக்கச் சொன்னாள், ஒவ்வொரு பட்டனாகக் கேட்டாள். கடைசி பட்டனில் விரலை வைத்து, இது எதற்கு என்றாள். அவன் குனிந்து பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

“அக்கா, சத்தியமா இது எதுக்குன்னு எனக்கும் தெரியாதுக்கா. இரு, மேனேஜர கேட்டு சொல்றேன்.”

சிவமலர் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வெளியே வந்து ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். “டீச்சர், அந்தப் பெடியனுக்கும் தெரியாதாம், தெரியாமலேதான் இவ்வளவு கதைச்சவன்” என்று அவள் பஸ் ஸ்டாப் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷம் அந்தப் பையன் செய்ததைத்தானே நானும் செய்திருக்கிறேன்.

இரண்டாம் இன்டர்வியூ அன்று நானும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் பப்ளிக் எக்ஸாமுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். அதிகாரி அதே கேள்வியில் ஆரம்பித்திருக்கிறார். போன தடவை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? “ஓம், என்ர டீச்சர் சொல்லித் தந்தவ. நான் இல்லை எண்டு சொன்னது பொய். அவவைக் காட்டிக் குடுக்க எனக்கு விருப்பமில்லை.” எந்தத் தேதியில் கிளம்பினீர்கள்? “தெரியாது.” அதிகாரி, தேதி வேண்டாம், அந்த நாளைப் பற்றி என்ன ஞாபகம் என்று கேட்டிருக்கிறார்.

“பள்ளிக்கூடத்தில சீருடைத் துணி குடுத்த கிழமை. என்ர தம்பின்ர துணியைத் தைக்கக் குடுத்திருந்தனாங்கள். தையல்காரர் வெள்ளிக்கிழமை வந்து எடுக்கச் சொன்னவர். வியாழன் செல் விழுந்து வெடிச்சது. தம்பி போயிட்டான். நாங்கள் அண்டைக்கே வெளிக்கிட்டிட்டம். அந்தப் பள்ளிக்கூடச் சேட்டை எடுக்கத் தையல் கடைக்குப் போகேல்லை.”

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். என் மாடல் விடையில் தம்பி இல்லை, பாபு. நிலவிய சூழ்நிலை மட்டும்தான் இருந்தது. அவளிடம் இப்படி ஒரு பதில் இருக்கும்போது அதன்மேல் நான் என் இங்கிலீஷைப் பூசி மறைத்திருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்துவிட்டது. ஏற்றுக்கொண்டார்கள். யோகராசா பட்டறை உடுப்போடு, கையெல்லாம் கிரீஸோடு அடையாறு மாடிக்கு ஓடி வந்து, படிக்கட்டிலேயே உட்கார்ந்து ‘டீச்சர், டீச்சர்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தர்ஷிகா மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி விசில் அடித்தாள். கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தவர், விஷயம் தெரிந்ததும் தன் வீட்டிலிருந்து மைசூர் பாக்கு எடுத்துக்கொண்டு வந்தார். நான் அன்றைக்கு அழுதேன், சிரித்தேன், அப்பாவுக்குப் போன் செய்து கத்தினேன். என் மாணவர்கள் சென்டம் வாங்கியபோதெல்லாம் இதில் பாதி சந்தோஷம்கூட எனக்கு வந்ததில்லை என்று சத்தியம் செய்வேன். மெடிக்கல், கிளம்ப அனுமதி என்று அலைந்து, அலுக்காமல் ஒவ்வொரு கவுண்டரிலும் சிவமலர் ‘விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ’ போட்டு, எல்லாம் முடிந்தது.

போன மாதம் ஏர்போர்ட்டுக்கு வழியனுப்பப் போனோம். உள்ளே போகும் கதவுக்கு முன்னால் சிவமலர் திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், உண்மையா சொல்லுங்கோ. அங்க எங்களுக்கு எப்பிடி இருக்கும்?”

பனியைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, அந்த ஊர் ஜனங்களைப் பற்றி நான் எடுத்த பாடமெல்லாம் வாய்வரை வந்துவிட்டது. இத்தனை வருஷமாக வகுப்பெடுத்தவள், நானே விமானத்தில் ஏறியதில்லை, பாஸ்போர்ட் என்று ஒன்று எடுத்ததுகூட இல்லை. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன்.

“தெரியாது சிவமலர். நீங்க போய்ப் பார்த்து எனக்குச் சொல்லுங்க.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பயம் போய் முகம் தெளிந்தது. “ஓம், சொல்லுறன்” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். யோகராசா டிராலியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார். தர்ஷிகா மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “டீச்சர், டாட்டா!” என்று வாயசைத்தாள்.

நேற்று அவள் போன் செய்தாள், பாபு. இரைச்சலான ஏதோ ஒரு கடைக்குள்ளிருந்து. தர்ஷிகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, அவருக்கு ஒரு பட்டறையில் வேலை பேசியாயிற்று என்று மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, “நீங்கள் வகுப்பில சொன்னதில கொஞ்சம் பிழை இருக்கு. அடுத்து வாற ஆக்களுக்குச் சரியாச் சொல்லோணும். பேனை இருக்கோ, டீச்சர்? எழுதிக்கொள்ளுங்கோ” என்றாள். ஓடிப்போய் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் நிதானமாகச் சொல்லச் சொல்ல ஏழு பக்கம் எழுதினேன். புரியாத இடத்திலெல்லாம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.